கண்டுபிடித்த கால் வீடு வந்து சேர்வது எப்படி?



பத்திரிகையிலோ தொலைபேசித் திரையிலோ மாதம் ஒரு தடவையாவது இப்படியொரு செய்தி உங்கள் கண்ணில் படும். "நடக்க முடியாதவர்களை நடக்க வைக்கும் கருவி கண்டுபிடிப்பு." "பார்வையற்றோருக்கு மின்சாரக் கண்." சீனி வருத்தத்தினால் கால் எடுக்கப்பட்டு முன்னறைக் கட்டிலில் இருக்கும் வாப்பாவைப் பராமரிக்கும் மகள் அந்தச் செய்தியை வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார். காது கேளாத பிள்ளையின் உம்மா அதைக் குர்ஆன் தட்டுக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்துகிறார். ஒரு வருடம் கழித்து அதைக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டால், "அப்படி ஒன்றும் இங்கே வரவில்லையே" என்கிறார்கள்.

செய்தி பொய்யா? பெரும்பாலும் பொய்யில்லை. கருவியைக் கண்டுபிடித்தது உண்மைதான். அப்படியானால் அது எங்கே போனது?

ஆய்வுகூடத்திலே ஒருவர் ஒரு கையையோ காலையோ செய்து, மேசை மேல் வைத்துப் பரீட்சித்து, நாலைந்து பேருக்குப் பொருத்திப் பார்த்து, கட்டுரை எழுதிப் பட்டமும் பெற்றுவிடுகிறார். அவருடைய வேலை அத்தோடு முடிகிறது. அதே பொருளைப் பத்தாயிரம் செய்ய வேண்டும். பத்தாயிரமும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். ஏழை வாங்கக்கூடிய விலையில் இருக்க வேண்டும். உடைந்தால் உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும். இது இன்னொருவருடைய வேலை. அவர்தான் உற்பத்தியாளர். கண்டுபிடித்தவருக்கும் உற்பத்தியாளருக்கும் இடையிலே ஒரு பள்ளம் இருக்கிறது. நல்ல நல்ல கண்டுபிடிப்புகள் எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் விழுந்து கிடக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி, செயற்கைக் கால் போன்ற துணைக் கருவிகளில் ஒன்றாவது தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கும் அதிகம். சில வறிய நாடுகளில் தேவைப்படுவோரில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் அது கிடைக்கிறது. இந்தப் பொருள்களில் பெரும்பாலானவை நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்டவையும் அல்ல.

நமது கிதாபுகளிலே ஒரு சம்பவம் உண்டு. அபூதாவூத், திர்மிதி, நஸாயி ஆகிய கிரந்தங்களில் பதிவாகியிருப்பது. அர்பஜா பின் அஸ்அத் (ரழி) என்ற ஸஹாபிக்கு, ஜாஹிலிய்யாக் காலத்தில் நடந்த குலாப் யுத்தத்திலே மூக்கு வெட்டுண்டு போயிற்று. அவர் வெள்ளியினால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். நாளடைவில் அது துர்நாற்றம் வீசத் தொடங்கியது. அப்போது தங்கத்தினால் மூக்கொன்று செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்னார்கள். தங்கம் ஆண்களுக்குத் தடுக்கப்பட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே புகஹாக்கள் இந்த ஹதீஸை வைத்துப் பல சட்டங்களை எடுத்திருக்கிறார்கள். நமது விடயத்துக்கு வேண்டியது ஒன்றுதான். வெள்ளி மூக்கு, செய்த அன்றைக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். அதன் குறை அணிந்து பாவித்த பிறகுதான் தெரிந்தது. அணிந்தவருடைய கஷ்டம் கவனிக்கப்பட்டது, பொருள் மாற்றப்பட்டது. இன்றைய ஆய்வுகூடங்களிலே மிகவும் குறைவாக நடக்கும் காரியம் இதுதான்.

ஜெய்ப்பூரில் நடந்தது

இது ஒழுங்காக நடந்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். அதற்கும் நமது நாட்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், கால் இழந்து வந்த சிப்பாய்களுக்காக அமெரிக்க அரசாங்கம் ஆராய்ச்சிகளுக்குப் பணம் கொடுத்தது. அதன் பயனாக 1950களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஒரு பாதம் உருவாயிற்று. 'ஸேச்' பாதம் என்பார்கள். கணுக்கால் அசையாது, குதிகாலில் மெத்தென்ற பஞ்சு இருக்கும். எளிமையானது, உறுதியானது. உற்பத்தியாளர்கள் உடனே எடுத்துக்கொண்டார்கள், உலகமெங்கும் பரவியது. ஆய்வுகூடத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் வழியில் அதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

ஆனால் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரிலே, ஸவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வைத்தியராக இருந்த டொக்டர் பிரமோத் கரண் சேத்தி ஒரு விடயத்தைக் கவனித்தார். இந்தக் காலைப் பொருத்திக்கொண்டு போன நோயாளிகள், சில மாதங்களில் மறுபடியும் கவட்டுத்தடியோடு வந்தார்கள். காலை வீட்டு மூலையில் சாத்தி வைத்துவிட்டார்கள். ஏன்? அந்தப் பாதத்துக்குச் சப்பாத்து வேண்டும். அவர்களோ வெறுங்காலோடு வாழ்கிறவர்கள். வயல் சேற்றில் இறங்கினால் பஞ்சு ஊறிப் பழுதாகும். குந்தியிருக்க முடியாது. சம்மணம் போட்டு அமர முடியாது. நாற்காலியில் அமர்ந்து, சப்பாத்துப் போட்டு, சமமான தரையில் நடக்கும் மனிதனை நினைத்துச் செய்த கால் அது.

நமது வீடுகளை நினைத்துப் பாருங்கள். பாய் விரித்து அமர்ந்து ஸஹனில் சாப்பிடுகிறோம். திருகுவலையில் தேங்காய் துருவக் குந்தியிருக்கிறோம். கிணற்றடியில் தண்ணீரில் நிற்கிறோம். பள்ளிவாசலுக்குள்ளே சப்பாத்தோடு நுழைய முடியாது. தொழுகையில் ஒரு ரக்அத்திலேயே எத்தனை தடவை கால் மடங்கி நிமிர வேண்டியிருக்கிறது! அந்தப் பாதத்தைப் பெற்ற ஒருவர் நடப்பார், வீதியில் போவார், வேலைக்கும் போவார். ஸப்பிலே மற்றவர்களோடு அமர்ந்தெழ மட்டும் அவருக்குச் சிரமம். இது பெர்க்லியிலே இருந்த பொறியியலாளரின் குற்றமல்ல. அவருக்கு அது தெரியாது; அவரிடம் போய்ச் சொன்னவரும் இல்லை.

ஜெய்ப்பூர் ஆஸ்பத்திரியிலே நோயாளிகளுக்குக் கைப்பணி கற்றுக்கொடுக்க வந்திருந்தவர் ராம் சந்திர சர்மா. நாலாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். சிலை வடிக்கும் பரம்பரையைச் சேர்ந்தவர். எல்லோரும் மரியாதையாக 'மாஸ்டர்ஜி' என்று அழைத்தார்கள். டொக்டரின் பிரச்சினையை அவர் தன் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். அவருடைய சைக்கிள் டயர் காற்றுப்போய் ஒரு கடைக்குப் போனபோது, அங்கே தேய்ந்த லொறி டயர்களுக்குப் புதிய இறப்பர் வைத்து அச்சில் அழுத்திச் சூடாக்குவதைப் பார்த்ததாகவும், ஒரு பாதத்தையும் ஏன் இப்படிச் செய்யக்கூடாது என்று அங்கேயே தோன்றியதாகவும் சொல்வார்கள். பச்சை இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது இறுகி உறுதியாகும். டயர் கடைக்காரருக்குத் தினமும் கைவந்த வேலை.

முதலில் செய்த பாதம் பாரமாகவும் விறைப்பாகவும் இருந்தது. பிறகு குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் செருப்புச் செய்யும் மெல்லிய நுண்துளை இறப்பர் வைத்தார்கள், கணுக்காலுக்கு மரக்கட்டை, எல்லாவற்றையும் டயருக்குள் இருக்கும் நூலால் சுற்றி, மேலே தோல் நிற இறப்பர் போர்த்தி, அச்சில் வைத்துச் சூடாக்கினார்கள். விரல்களும் தெரியும். தண்ணீரில் நனையலாம், வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம், அமரலாம். 1968ஆம் ஆண்டளவில் இது ஒரு வடிவத்துக்கு வந்தது.

இந்த விடயத்திலே டொக்டர் பெரியவரா, மாஸ்டர்ஜி பெரியவரா என்று பின்னாளில் விவாதங்கள் உண்டு. டொக்டர் சேத்திக்கு 1981இல் மக்ஸேஸே விருது கிடைத்தது. மாஸ்டர்ஜியின் பெயர் பலருக்கு அவ்வளவாகத் தெரியாது. படிப்பில்லாத கைவினைஞனுக்கு உலகம் செய்யும் வழமையான அநியாயம் என்று நினைத்துவிட்டுப் போகிறேன்.

கண்டுபிடித்தாயிற்று. அடுத்த ஏழு வருடங்களிலே எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? சில பத்துப் பேருக்குத்தான்! கால் நன்றாக இருந்தது. செய்து கொடுக்க ஆளில்லை. நோயாளி வந்து தங்க இடமில்லை. பதிவுக்கும் செலவுக்கும் ஒழுங்கில்லை. 1975இல் தேவேந்திர ராஜ் மேத்தா என்ற அரசாங்க அதிகாரி ஒரு நலன்புரிச் சங்கத்தை ஆரம்பித்தார். அவரே 1969இல் ஒரு வாகன விபத்தில் சிக்கி, காலை இழக்கும் நிலைக்குப் போய் மீண்டவர். அவர் பாதத்தில் ஒரு மாற்றமும் செய்யவில்லை. வருகிறவர் எந்த நேரம் வந்தாலும் உள்ளே எடுப்பது, தங்க இடம் கொடுப்பது, பணம் வாங்காமல் கூடிய விரைவில் அளவெடுத்துப் பொருத்தி அனுப்புவது, இவற்றைத்தான் ஒழுங்குபடுத்தினார். அதன் பிறகே எண்ணிக்கை ஆயிரமாகி இலட்சமாகியது. எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் இடம்பெறாத விடயம் இது.

காப்புரிமை எடுக்காத பாதம்

டொக்டர் சேத்தி இந்தப் பாதத்துக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. செய்யும் முறையை எல்லோருக்கும் சொன்னார். யாரும் வந்து பழகலாம், தம் ஊரிலே செய்யலாம்.

அதனால்தான் அது கடலைத் தாண்டி நம்மிடமும் வந்தது. 1831இல் ஆரம்பிக்கப்பட்ட கொழும்பு பிரெண்ட்-இன்-நீட் சொசைட்டி, 1985இல் ஜெய்ப்பூர்க் கால் செய்யும் வேலையைத் தொடங்கியது. 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கப்பட்டது. யுத்த காலத்தில் மிதிவெடியினாலும் ஷெல்லினாலும் கால் இழந்தவர்களுக்கு நமது நாட்டுக் கைகளே கால் செய்து கொடுத்தன. பாதைகள் மூடப்பட்டு, மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் தவித்த நாள்களில், ஜேர்மனியிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ கால் வர வேண்டும் என்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இறப்பரும் நமது மண்ணில் விளைகிறதுதான். கம்பஹாவில் ஹெனரத்கொட தோட்டத்திலே 1876இல் முதல் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. வெள்ளைக்காரன் நட்ட மரம்!

ஆனால் சகோதரிகளே, உரிமையாளர் இல்லாத பொருளுக்குக் காவலாளியும் இல்லை. யாரும் செய்யலாம் என்றால், யாரும் எப்படியும் செய்யலாம் என்றாகிவிடுகிறது. கையால் செய்வதால் ஒரு பாதம் போல் மற்றது இருப்பதில்லை. ஒருவருக்கு நாலு வருடம் பாவித்தது இன்னொருவருக்கு ஒரு வருடத்தில் வெடித்துவிடும். பாரமும் அதிகம். முகாம் வைத்து ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோருக்குப் பொருத்தும்போது, மேற்பகுதிக் கிண்ணம் தொடையிலே சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்கவும் நேரமிருக்காது. செயற்கை அவயவ நிபுணர்கள் சொல்லிவந்த குறைகள் இவை; நியாயமான குறைகளே. தர்மமாகக் கிடைப்பதைக் குறை சொல்லலாமா என்று நம்மவர்கள் கேட்பார்கள். தர்மமாகக் கொடுக்கும் காலும் தொடையைப் புண்ணாக்கக் கூடாது என்பதே என் பதில்.

இதற்கு மாற்று வழி தேடியவர்களும் உண்டு. 1979 முதல் யுத்த நாடுகளில் கால் பொருத்தி வரும் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம், பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கைத் தெரிவு செய்தது. உறுப்புகள் தொழிற்சாலையில் ஒரே அளவில் செய்யப்படும். நோயாளிக்குரிய கிண்ணத்தை மட்டும் அந்தந்த ஊரில் அளவெடுத்து வார்ப்பார்கள். இந்தியாவின் விண்வெளி நிறுவனமான இஸ்ரோ, ரொக்கட்டுக்குப் பயன்படும் பொலியூரேதேன் அறிவை வைத்து இலேசான பாதமொன்றைச் செய்து ஜெய்ப்பூர்ச் சங்கத்துக்குக் கையளித்தது. 1995இல் கம்போடியாவின் நொம்பென் நகரில் நிபுணர்கள் கூடி, வறிய நாட்டுக்குப் பொருத்தமான கால் எப்படி இருக்க வேண்டும் என்று ஆலோசித்தார்கள். உள்ளூரில் செய்யக்கூடியதா, திருத்தக்கூடியதா, அந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் தாங்குமா, மலிவானதா என்றெல்லாம் அங்கே பார்த்தார்கள். ஒரு வீட்டுப் பெண்ணிடம் கேட்டிருந்தால் அரை மணித்தியாலத்தில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

அச்சுப் பலகாரக் கணக்கு

உற்பத்தியாளர்கள் ஏன் ஓடி வருவதில்லை என்பதைச் சமையலறையிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். பெருநாளைக்கு அச்சுப் பலகாரம் சுடுகிறீர்கள். பித்தளை அச்சை விலை கொடுத்து வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் நூறு சுட்டாலும் ஆயிரம் சுட்டாலும் ஒரே வடிவம். ஒவ்வொன்றுக்கும் மாவும் எண்ணெயும்தான் செலவு. பத்துப் பலகாரத்துக்காக யாராவது புது அச்சுச் செய்விப்பார்களா? கையால்தான் கிள்ளிப் போடுவார்கள்.

தொழிற்சாலையும் அப்படித்தான். 2008ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்கள், தொடைக்கு மேலே கால் எடுக்கப்பட்டவர்களுக்காக ஜெய்ப்பூர்ச் சங்கத்தோடு சேர்ந்து ஒரு முழங்கால் மூட்டைச் செய்தார்கள். எண்ணெய் ஊறிய நைலோனால் ஆனது. ஏறக்குறைய 20 டொலருக்குள் செய்யலாம் என்றார்கள். டைம் சஞ்சிகை 2009இன் சிறந்த கண்டுபிடிப்புகளில் அதையும் சேர்த்தது. கதை அங்கே முடியவில்லை. நைலோன் கட்டியை ஒவ்வொன்றாகக் கடைந்து மூட்டுச் செய்தால் உலகத் தேவைக்கு எந்தக் காலத்திலும் போதாது. அச்சில் உருக்கி ஊற்றிச் செய்ய வேண்டும். அதற்கு முழு வடிவத்தையும் மறுபடி வரைய வேண்டும். டீ-ரெவ் என்ற நிறுவனம் அந்த வேலையை எடுத்துப் பல வருடம் உழைத்தது. மூட்டைக் கண்டுபிடித்ததைப் பற்றி உலகமே பேசியது. அச்சுக்கு ஏற்றதாக மாற்றியதைப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம்.

அச்சின் செலவைத் தாங்க வாங்குவோர் எண்ணிக்கை வேண்டும். கால் இழந்தவர்கள் பல நாடுகளில் சிதறி வாழ்கிறார்கள், பெரும்பாலோர் ஏழைகள், ஒருவரின் அளவு மற்றவருக்கு ஆகாது. இன்னொரு சிக்கலும் உண்டு. கடையிலே சீலை வாங்கினால், பிடிக்காவிட்டால் அடுத்த தடவை அந்தக் கடைக்குப் போகமாட்டீர்கள், கடைக்காரரும் திருந்துவார். செயற்கைக் காலை வாங்குவது பாவிப்பவர் அல்ல. அரசாங்கமோ, தர்ம ஸ்தாபனமோ, வெளிநாட்டு நன்கொடையாளரோ வாங்குகிறார். பாவிப்பவர் நன்றி சொல்லிவிட்டு வாங்கிக்கொள்கிறார். அவர் தொடையில் விழுந்த புண் தொழிற்சாலைக்கு ஒருபோதும் தெரியவராது.

தகப்பன் செய்த இயந்திரம்

இன்னொரு கதையையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதிலே ஓர் உம்மா இருக்கிறார். ஸ்டான்போர்டிலே ஜோன் லின்வில் என்ற பேராசிரியர் இருந்தார். அவருடைய மகள் கேண்டி மூன்று வயதிலேயே பார்வையை இழந்தவர். பிள்ளை படிக்க வேண்டிய புத்தகங்களைத் தாய் மணித்தியாலக்கணக்காக உட்கார்ந்து பிரெயில் எழுத்துக்கு மாற்றுவார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பனுக்கு, 1962இல் ஜேர்மனியிலே ஊசிகளால் வேகமாக அச்சடிக்கும் ஓர் இயந்திரத்தைக் கண்டபோது யோசனை பிறந்தது. ஊசி காகிதத்தில் எழுத்தைக் குத்துமானால், விரல் நுனியிலும் எழுத்தைக் குத்தலாமே!

ஜேம்ஸ் ப்ளிஸ் என்ற ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து 'ஒப்டகொன்' என்ற கருவியை உருவாக்கினார். வலது கையால் சிறு கெமராவைப் புத்தக வரி மேல் நகர்த்த வேண்டும். இடது சுட்டுவிரலின் கீழே 144 நுண்ணிய ஊசிகள் எழுத்தின் வடிவத்தில் துடிக்கும். பிரெயிலுக்கு மாற்றித் தர யாரும் தேவையில்லை. கடிதம், மருந்துப் போத்தல், வங்கிக் கணக்கு எதையும் தானே வாசிக்கலாம். கேண்டி அதைக் கொண்டு படித்துக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். இதை உற்பத்தி செய்வதற்காக 1970இல் டெலிசென்ஸரி என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். ஆய்வுகூடத்தில் இருந்தவர்களே உற்பத்தியாளர்களாகினார்கள். பள்ளத்தைத் தாண்ட அதுவும் ஒரு வழி. ஆயிரக்கணக்கான கருவிகள் விற்பனையாகின.

பிறகு கணினி வந்தது; எழுத்தை வாசித்துக் காட்டும் இயந்திரம் வந்தது; ஒப்டகொனின் விற்பனை குறைந்தது. 1996இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். கம்பனியின் கணக்கிலே அது சரியான முடிவாக இருக்கலாம். இருபது வருடமாக அந்த ஊசிகளின் துடிப்பிலேயே வாசித்துப் பழகிய மனிதர்களோ, பழைய கருவிகளைத் தேடி வாங்கி, ஒன்றைக் கழற்றி மற்றதைத் திருத்தத் தொடங்கினார்கள்.

அதைவிடக் கடுமையானது அண்மையில் நடந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த செக்கண்ட் ஸைட் என்ற கம்பனி, கண்ணின் விழித்திரையிலேயே பதிக்கும் 'ஆர்கஸ் 2' என்ற மின்கருவியைச் செய்தது. 2013இல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது. ஒன்றின் விலை ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் டொலர். உலகில் 350 பேருக்கு மேல் பதித்துக்கொண்டார்கள். ஒளியும் நிழலும் உருவங்களின் விளிம்பும் அவர்களுக்குத் தெரிந்தன. 2019இல் கம்பனி அந்தக் கருவியைக் கைவிட்டது. 2020இல் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. கண்ணுக்குள்ளே கருவி இருக்கிறது, பழுதானால் திருத்துவார் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. மூலையில் சாத்தி வைக்க அது கால் அல்ல. 2022இல் இந்த விடயம் பத்திரிகைகளில் வெளிவந்தபோது, வைத்திய உலகமே சங்கடப்பட்டது.

அதற்காகப் பதிக்கும் கருவிகள் எல்லாமே ஆபத்தானவை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிரேம் கிளார்க் 1978இல் ஒருவருடைய உட்செவியில் பதித்த கருவி, அந்நாட்டு அரசாங்கத்தின் பண உதவியோடு ஒரு கம்பனியிடம் கையளிக்கப்பட்டு, இன்று உலகமெங்கும் காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவருடைய தகப்பனாரே காது மந்தமானவர். நல்லபடி முடிந்த கதை இது. ஆனாலும் பிள்ளைக்கு அதைப் பதித்த உம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள். சத்திரசிகிச்சைக்கு ஊரே பணம் சேர்த்துக் கொடுக்கும். நாலாம் வருடம் வெளிக்கருவியின் வயர் அறுந்தால், அதை மாற்ற யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நிற்பார்கள்.

கேட்டு வாங்க வேண்டியவை

ஆகவே உங்கள் வீட்டுக்கு ஒரு கருவி வருவதற்கு முன்பு, கொடுப்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். இதிலே முதலில் தேய்வது எது? அது இந்த நாட்டில் கிடைக்குமா? என்ன விலை? திருத்துபவர் எங்கே இருக்கிறார்? இந்தக் கம்பனி மூடப்பட்டால் வேறு கம்பனியின் உறுப்பு இதற்குப் பொருந்துமா? இலவசமாகக் கிடைப்பது என்றாலும் கேளுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளும் சகாத் குழுக்களும் இதை வாசிப்பார்களானால் ஒரு வார்த்தை. மேடை போட்டு, பெனர் கட்டி, இருபது சக்கர நாற்காலிகளை ஒரே அளவில் வரிசையாக நிறுத்திக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். ஒல்லியான பத்து வயதுப் பிள்ளைக்கும் பருத்த மூத்தம்மாவுக்கும் ஒரே கதிரை! பாவிப்பவரின் உடலுக்கும் அவர் வாழும் இடத்துக்கும் பொருந்தாத கதிரை தீங்கு செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. நாள்முழுக்க ஒரே இடம் அழுந்தி, படுக்கைப் புண் வரும். இருபதுக்குப் பதிலாகப் பன்னிரண்டு கதிரை, அளவெடுத்து. மிச்சப் பணம் டியூப் மாற்றவும் மெத்தை மாற்றவும் என்று ஒதுக்கினால் என்ன? படம் பிடிக்க அது அவ்வளவு வசதியாக இருக்காதுதான்.

உயர்தரத்தில் கணிதம் படிக்கும் மகள்மார் இருக்கும் வீடுகளுக்கும் ஒன்று சொல்வேன். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்திலே இயந்திரக் கை சம்பந்தமான ஆராய்ச்சிகள் நடக்கின்றன. செயற்கை அவயவம் பொருத்தும் கல்வி ராகமையில் நடக்கிறது. பெண் நோயாளி ஒருவரின் தொடையிலே அளவெடுக்கப் பெண் ஒருவர் இருந்தால் எவ்வளவு நல்லது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அளவெடுக்க வெட்கப்பட்டே காலைப் பெறாமல் இருந்துவிடும் நமது சகோதரிகள் இருக்கிறார்கள்.

வுழூ பற்றியும் பலர் கேட்பதுண்டு. ஒவ்வொரு வக்துக்கும் செயற்கைக் காலைக் கழற்றி மாட்டி அலுத்துப்போய், முழுநாளும் கழற்றியே வைத்துவிடும் முதியவர்களைக் கண்டிருக்கிறேன். நமது ஷாபிஈ மத்ஹபின்படி வுழூவில் கழுவக் கடமையானது கரண்டை வரையிலான பாதம். கரண்டைக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டிருந்தால் அந்தக் காலில் கழுவும் கடமை நீங்கிவிடுகிறது. மீதியைக் கழுவுவது சுன்னத்தான காரியமே. வுழூவுக்காகச் செயற்கைக் காலைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பாதத்தின் ஒரு பகுதி மாத்திரம் எடுக்கப்பட்டிருந்தால், மீதியைக் கழுவ வேண்டும். அதற்குக் கழற்ற வேண்டும். குளிப்புக் கடமையானால் சட்டம் வேறு; முழு உடம்பும் நனைய வேண்டும். உங்கள் ஊர் ஆலிமிடம் காலைக் காட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, புதிதாகக் கால் எடுக்கப்பட்டவர் வீட்டில் இருந்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய இடம் முதல் மாதங்களில் வீங்கியிருக்கும், பிறகு சுருங்கும். ஆகவே முதலில் பொருத்திய கிண்ணம் ஒரு வருடத்துக்குள் தளர்ந்து ஆடத் தொடங்கும். சிலர் பழைய துணியைச் சுற்றி இறுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். சீனி வருத்தக்காரர் என்றால் உணர்வில்லாததால் உள்ளே புண் வந்ததும் தெரியாது. தினமும் இரவில் காலைக் கழற்றியதும் விளக்கு வெளிச்சத்தில் அந்த இடத்தை நீங்களே பாருங்கள். சிவந்திருந்து, அரை மணித்தியாலமாகியும் சிவப்பு மாறாவிட்டால், காலைத் திரும்ப அணிய விடாமல், பொருத்திய நிலையத்துக்கே காலையும் ஆளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். கிண்ணத்தை மாற்றிக் கேளுங்கள். பாதம் நன்றாக இருந்தால் அதையே திரும்பப் பொருத்தித் தருவார்கள்.